டெனோஃபோவிரோடு ஏழு வருடம், என்டெகாவிரோடு மூன்று

2014-ல் ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. வைரஸ் அளவும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும் எகிறிக் கிடந்தன. வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று, 300 மில்லிகிராம் தொடங்கினார்கள். ஒன்றரை வருடத்தில் ரத்தத்தில் வைரஸே தென்படவில்லை. என் கல்லீரல் இறுகிப் போகாமல் இருப்பது அந்த மாத்திரையால்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஏழாவது வருடம் வலி வந்தது. முதலில் குதிகால், அப்புறம் இடுப்பு, விலா. பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கையை ஊன்றாமல் எழ முடியாது. "வயசாகுதுல்ல" என்றார் ஒரு டாக்டர். அவர் கொடுத்த வலி மாத்திரையை மூன்று மாதம் போட்டேன். டெனோஃபோவிரோடு அது சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாது. கல்லீரலுக்கு மருந்து சாப்பிடுவதை அவரிடம் நானும் சொல்லவில்லை.

குட்டு வெளிப்பட்டது ஒரு சாதாரண சுகர் டெஸ்டில். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 92. சிறுநீரில் சர்க்கரை இரண்டு பிளஸ்! சாம்பிள் மாறிவிட்டது என்று நினைத்து மறுநாளும் கொடுத்தேன். அதேதான் வந்தது. வேறொரு கல்லீரல் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் பாஸ்பரஸ் எடுக்கச் சொன்னார். 2.5-க்குக் கீழே போகக் கூடாதது, 1.6. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.5-க்கு ஏறியிருந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி ஸ்கோர் மைனஸ் 2.7; மைனஸ் கூடக் கூட எலும்பு பலவீனம் என்று அர்த்தம்.

கிட்னி வடிகட்டும் நீரிலிருந்து சர்க்கரையையும் பாஸ்பரஸையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள நுண்குழாய்கள் இருக்கின்றன. டெனோஃபோவிர் அந்தக் குழாய்களின் செல்களில் சேர்ந்து சிலருக்கு அவற்றைப் பழுதாக்கும். பாஸ்பரஸ் சிறுநீரோடு போய்விட, எலும்பு பலமிழந்து மெதுமெதுவென்று ஆகிவிடும். இந்த அளவுக்குப் போவது அபூர்வம்தான். ஆனால் ஏழு வருடமும் எனக்குப் பார்த்தது கல்லீரல் டெஸ்டும் வைரஸ் அளவும் மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியேட்டினின், பாஸ்பரஸ், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். நீங்கள் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

காரணம் தெரிந்த அன்றே மாத்திரையைத் தூக்கிப் போடத் தோன்றியது. டாக்டர் விடவில்லை. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பிக் கல்லீரலையே சாய்த்துவிடுமாம். "இன்னைக்கு ராத்திரி இதுக்குப் பதிலா அது. நடுவுல ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார். 2016-ல் வந்த டி.ஏ.எஃப் 25 மில்லிகிராம் என்பது டெனோஃபோவிரின் புது வடிவம்; ரத்தத்தில் டெனோஃபோவிரைச் சுமார் 90 சதவீதம் குறைவாகவே விடும். பலருக்கு அதற்குத்தான் மாற்றுகிறார்கள். எனக்குக் குழாயே கெட்டிருந்ததாலும், முன்பு லாமிவுடின் என்ற பழைய ஹெபடைடிஸ் பி மருந்தைச் சாப்பிடாததாலும், என்டெகாவிர் என்ற வேறு வைரஸ் மருந்து, 0.5 மில்லிகிராம். கூடவே பாஸ்பரஸ் பவுடர், வைட்டமின் டி.

என்டெகாவிரில் ஒரு சங்கடம்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், போட்ட பிறகும் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. என் மனைவி ஏழரைக்கே தட்டை வைத்துவிடுகிறாள். பத்து மணிக்கு மாத்திரை, உடனே படுக்கை.

நாலாம் மாதம் விலா வலி போயிற்று. இப்போது பாஸ்பரஸ் 2.8, கிரியேட்டினின் 1.2, டி ஸ்கோர் மைனஸ் 2.2. வைரஸ் இன்னும் தென்படவில்லை. படி ஏறினால் இடது இடுப்பில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அடுத்த டெக்ஸா ஜனவரியில்.