பீஜ் புக்: ஏற்றுமதியாளர் படிக்க வேண்டிய அமெரிக்க அறிக்கை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பணிபுரியும் நான், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், அந்நாட்டின் பொருளாதார நிலவரம் பற்றி வெளியிடும் ‘பீஜ் புக்’ அறிக்கையைத் தவறாமல் படித்துவருகிறேன். ஆண்டுக்கு 8 முறை, வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அங்கே வெளியாகிறது. கோடைக்காலத்தில் நமக்கு அப்போது இரவு பதினொன்றரை மணி. கட்டணம் ஏதுமில்லை.

1970இல் உள்சுற்றுக்காகத் தொடங்கப்பட்டபோது இதன் பெயர் ‘ரெட் புக்’. 1983இல்தான் அட்டையின் நிறமும் பெயரும் மாறிப் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. ஃபெடரல் ரிசர்வின் 12 வட்டார வங்கிகளும் தத்தம் பகுதியில் கடை நடத்துவோர், ஆலை உரிமையாளர்கள், விவசாயிகள், வங்கியாளர்கள் ஆகியோரிடம் ஆளெடுப்பு, சம்பளம், விலைவாசி, சரக்கு வரத்து பற்றிக் கேட்டறிந்ததைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்துத் தருகின்றன.

இதன் பெரும் பலம், புள்ளிவிவரம் காட்டாத காரணங்களைச் சொல்வதுதான். 2025இல் வந்த இதழ்களில், பல நிறுவனங்கள் யாரையும் வேலையைவிட்டு அனுப்பாமல், விலகிச் சென்றவர்களின் இடத்தை மட்டும் காலியாகவே விட்டுவைப்பதாகச் சொல்லியிருந்தன. இறக்குமதி வரியால் கூடிய செலவைச் சிலர் விலையில் ஏற்றியதாகவும், வேறு சிலர் வாடிக்கையாளர் விலகிவிடுவாரோ என்று அஞ்சித் தாங்களே சுமப்பதாகவும் படித்தேன். இந்தியப் பொருள்கள் மீதான வரி 2025 ஆகஸ்டு 27 முதல் 50 சதவீதமாக உயர்ந்தபின், எங்கள் பையர் (கொள்முதலாளர்) ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லி மீண்டும் மீண்டும் எழுதினார். அவருடைய நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதை இந்த அறிக்கை எனக்குப் புரியவைத்தது. நூல் விலையையும் தையல் கூலியையும் பிரித்துக்காட்டிப் பேசுவதற்கு அது உதவியது.

குறைகளும் உண்டு. எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. ‘சிலர்’, ‘பலர்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. வளர்ச்சி போன்ற மாற்றங்களின் அளவைச் சொல்லும் ‘ஸ்லைட்’, ‘மாடஸ்ட்’, ‘மாடரேட்’ ஆகிய மூன்று சொற்களும் ஏறுவரிசையில் அமைந்தவை என்பது பிடிபடும்வரை எல்லா வட்டாரங்களும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே இதை வைத்து மட்டும் அடுத்த சீசனுக்கான நூலை வாங்கிக் குவிப்பது சரியல்ல. நம் ரிசர்வ் வங்கியின் தொழில்துறைக் கண்ணோட்ட ஆய்வு காலாண்டுதோறும் எண்களைத் தருகிறது. ஆனால் ஒரு திருப்பூர்க்காரரோ லூதியானாக்காரரோ என்ன சொன்னார் என்பதை அதில் காண முடியாது. அப்படியொரு வட்டார அறிக்கை நமக்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1970 முதலான பழைய இதழ்கள் மினியாபொலிஸ் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள், கொரோனா பரவிய 2020 ஏப்ரல் இதழிலிருந்து தொடங்கலாம். வழக்கமான நிதானச் சொற்களை விட்டு, பொருளாதாரச் செயல்பாடு எல்லாப் பகுதிகளிலும் கடுமையாகவும் திடீரெனவும் சுருங்கியதாக அதன் முதல் வாக்கியமே சொல்கிறது. அடிபட்ட துறைகளில், அத்தியாவசியமல்லாத பொருள்களை விற்கும் சில்லறைக் கடைகளும் குறிப்பிடப்பட்டுள்ளன. நாங்கள் தைத்து அனுப்பும் பனியன்கள் விற்பனையாவது அத்தகைய கடைகளில்தான்.