27,400 வெள்ளி வாங்கிக்கொண்டு இன்ஜினைத் திறக்கவே இல்லை: டர்போ கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. நேற்று சாயங்காலம்தான் என் காரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில், டர்போ கார்களுக்கே ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு பட்டறையில் 27,400 வெள்ளியை (ரிங்கிட்) பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். பெயரை இங்கே போடவில்லை, வழக்கு நடக்கப்போகிறது. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், இதே பாணியில் இன்னும் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறார்களோ தெரியாது. கடைசியில் இன்ஜின் வேலைக்குக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

கார் சுபாரு எஸ்டிஐ, 2.5 லிட்டர், ஈஜே257 இன்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1995-இல் ராலி ஓட்டுநர் காலின் மெக்ரே சுபாருவில் உலக ராலி பட்டம் வென்ற காலத்திலிருந்தே இந்தக் கார்மேல் எனக்குப் பைத்தியம், பல வருஷம் காசு சேர்த்து வாங்கினேன். ஈஜே257 வைத்திருப்பவர்களுக்கு அதன் பலவீனம் தெரியும். ஃபேக்டரி பிஸ்டன்கள் வார்ப்பு பிஸ்டன்கள். நாக் வந்தால், அதாவது பெட்ரோல் வெடிக்கக்கூடாத நேரத்தில் வெடித்தால், ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். பெரும்பாலும் நாலாவது சிலிண்டர்தான் முதலில் போகும். அப்புறம் அடியில் ஆயில் தேங்கும் சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய், பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். விரிசல் வழியாகக் காற்றை இழுத்தால் ஆயில் பிரஷர் விழும், பேரிங் போகும், கதை முடிந்தது. நான் ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை. என் ஆசை ரொம்பச் சின்னது: இன்ஜின் நன்றாக மூச்சு விட வேண்டும், அதே சமயம் பயமில்லாமல் பல வருஷம் ஓட வேண்டும்.

பட்டறை முதலாளி நம்ம தமிழர்தான். முதல் நாள் போனபோது ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். நாலாவது சிலிண்டர் பற்றி, பிக்கப் குழாய் பற்றி, கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி இன்டேக்குக்குள் போய்ப் பெட்ரோலின் ஆக்டேனை (நாக்கைத் தடுக்கும் திறனை) குறைத்து நாக் வரவைக்கும் என்பது பற்றி, அதைத் தடுக்க ஆயில் பிரிக்கும் டப்பா போட வேண்டும் என்பது பற்றி, எல்லாம் பேசினார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விஷயம் தெரியாமல் கெடுத்திருந்தால்கூட ஒரு மாதிரி. எந்த இடம் உடையும் என்று தெளிவாகத் தெரிந்த மனிதர் அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிட்டுக் காசை எண்ணி வாங்கியிருக்கிறார்.

பேசி முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே ஃபோர்ஜ்ட் பிஸ்டன், அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த பலமான பிஸ்டன். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, பார்த்துக்கோங்க, ஒங்க வண்டிக்குள்ள போகப்போறது இதான். ஒங்க வண்டிய என் வண்டியா நெனச்சிச் செய்றேன்" என்றார். புத்தம்புது அலுமினியம், கடைசல் பிடித்த கோடுகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சரிண்ணே, செஞ்சிருங்க" என்றேன். அன்றைக்கே 15,000 வெள்ளி முன்பணம் அனுப்பினேன்.

பேசிக்கொண்ட வேலை இவ்வளவு. இன்ஜினை இறக்கிப் பிரிப்பது. 99.5 மில்லிமீட்டர் துளையை 99.75-க்குக் கடைந்து ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போடுவது. மெயின் பேரிங், ராட் பேரிங் புதிது. ஹெட் கேஸ்கெட்டும் பலமான ஸ்டட்களும். ஹெட்டின் காற்று வழிகளைப் போர்ட்டிங் செய்து (உள்ளே கடைந்து வழவழப்பாக்கி) வால்வுகளைச் சீட்டில் உட்கார வைப்பது. இன்டேக் வழியில் குறுக்கே இருக்கும் டிஜிவி தட்டுகளை எடுப்பது (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது காற்றைச் சுழலவிடத்தான் அவை, மற்ற நேரத்தில் வழியில் நிற்கும் தடைதான்). பெரிய இன்டேக் குழாய், நல்ல பிக்கப் குழாய், ஆயில் பிரிக்கும் டப்பா. கடைசியில் டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷினில்) ஏற்றி என் காருக்கென்றே டியூன், அதாவது பெட்ரோல், டர்போ அழுத்தக் கணக்குகளைச் சரிசெய்வது. மொத்தம் 27,400 வெள்ளி.

வேலை நடந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. பிளாக்குக்குள் பிஸ்டன் உட்கார்ந்திருக்கும் படம், போர்ட்டிங் செய்த ஹெட் படம். நேற்று ராத்திரி அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பிஸ்டன் படம் வெளிநாட்டு சாமான் கடை ஒன்றின் விளம்பரத்தில் அப்படியே இருக்கிறது, ஓரத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். என் இன்ஜின் நம்பர் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.

காரை எடுக்கப் போன அன்று போனட்டைத் திறந்து காட்டினார்கள். இன்டேக் மேனிஃபோல்டுக்குச் சிவப்புப் பெயிண்ட், நீல சிலிக்கான் ஹோஸ்கள், பளபளக்கும் பெரிய இன்டேக் குழாய், ஆயில் டப்பா, எல்லாம் கண்ணைப் பறித்தது. பாக்கி 12,400 கொடுத்தேன். பில் கேட்டேன், கையால் எழுதிக் கொடுத்தார்கள்: 'இன்ஜின் வேலை, முழு செட், 27,400'. ஒரே வரி. சாமான் வாரியாக வேண்டும் என்று கேட்டதற்கு, "கணக்குப் பாக்கிற பொண்ணு லீவு தம்பி, வாட்ஸ்அப்ல அனுப்பிர்றேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

ஒரு விஷயம் அப்போதே எனக்கு உறுத்தியது. ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூடுதலாக விட்டுத்தான் பொருத்துவார்கள், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் டக் டக் என்று தட்டும். என் காரில் அந்தச் சத்தமே இல்லை, முன்பு இருந்த மாதிரியே இருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "நாங்க கிளியரன்ஸ் டைட்டா புடிச்சிருக்கோம் தம்பி, அதான் நம்ம வேலையோட தரம்" என்று பதில். பிறகு ஒரு மாதம் போனதும் லேசாகத் தட்டும் சத்தம் வந்தது, ஆயிலும் குறைந்தது. மறுபடி கேட்டேன். அதே மனிதர், அதே வாயால், "ஃபோர்ஜ்ட் பிஸ்டன்னா தட்டத்தான் செய்யும், புது இன்ஜின் ஆயில் குடிக்கத்தான் செய்யும், ரன்னிங்-இன் முடியட்டும்" என்றார்.

ரன்னிங்-இன்! 1,000 கிலோமீட்டர் வரை டர்போ அழுத்தம் ஏறாமல் ஓட்டு, ஆயில் மாற்று என்றார்கள். அப்படியே ஓட்டினேன். நெடுஞ்சாலையில் லோரிக்குப் பின்னாலேயே போனேன், என் மனைவி கேலி பண்ணுகிற அளவுக்கு. உள்ளே ஒரு புதுச் சாமான்கூட இல்லாத இன்ஜினை ரன்னிங்-இன் பண்ண வைத்திருக்கிறார்கள்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில்தான் போனது. ஏற்றத்தில் லோடு கூடும், நாக் வரத் தோதான இடம். மிஸ்ஃபயர், செக் இன்ஜின் விளக்கு மின்னியது, பின்னால் நீலப் புகை. ஓரம் கட்டி நிறுத்தி டோ லோரிக்குக் கூப்பிட்டேன். அந்த லோரியில் உட்கார்ந்தபடியே பட்டறைக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதைவிடக் கேவலம். முதலில் பெட்ரோலைக் குறை சொன்னார்கள், "ரோன் 95 ஊத்திருப்பீங்க" என்று, அதாவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். ரோன் 97-க்குக் கீழே நான் ஊற்றியதே இல்லை, கார்டு ரசீதுகள் எல்லாம் இருக்கிறது, அனுப்பினேன். அடுத்து "நீங்க ரேஸ் ஓட்டியிருக்கீங்க, ரேஸ் சாமானுக்கு வாரண்டி கிடையாது" என்றார்கள். பிறகு முதலாளி வெளியூர், முதலாளி மீட்டிங், முதலாளிக்குக் காய்ச்சல். மெசேஜ் படித்ததற்கு நீல டிக் விழும், பதில் வராது. என் மனைவி நம்பரிலிருந்து புதுக் கஸ்டமர் மாதிரி அடித்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்து "வாங்கம்மா, என்ன வண்டி?" என்கிறார். நேரில் போய் நின்றபோது, "இன்னும் 9,000 குடுங்க, ஒங்களுக்காகப் பாதி வெலையில திருப்பிச் செஞ்சித் தரேன்" என்று தோளில் கை போட்டுச் சொன்னார். 27,400 வாங்கியது பத்தவில்லை அவருக்கு.

காரைக் கெப்போங் பக்கம் ஒரு வயதான சீன ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) கொண்டுபோனேன். அங்கிள் அதிகம் பேசமாட்டார். முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார். மூன்று சிலிண்டரில் 130-க்கு மேல், நாலாவதில் 60-ஐத் தாண்டவில்லை. பிறகு லேப்டாப்பைச் செருகி டியூனைப் பார்த்தார். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது நிறைய பேருக்குத் தெரியாமல் இன்ஜினைக் கொல்லும் விஷயம். காற்றின் அளவைச் சொல்லும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், அது இருக்கும் குழாயின் அகலத்தை நம்பித்தான் கணக்குச் சொல்கிறது. குழாயைப் பெரிதாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் 'காற்று குறைவு' என்று சொல்லும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் குறைத்து ஊற்றும், கலவை வறண்டுபோய் நாக் வரும். அதனால் குழாயை மாற்றினால் அந்தக் கணக்கு அட்டவணையையும் மாற்றியே ஆக வேண்டும். என் காரில் குழாய் மட்டும் பெரிது, அட்டவணை ஃபேக்டரியில் வந்தது அப்படியே இருக்கிறது, அதோடு டர்போ அழுத்தத்தை வேறு கூட்டி வைத்திருக்கிறார்கள். டைனோ ரிப்போர்ட் என்று கொடுத்த தாளில் என் கார் நம்பரும் இல்லை, தேதியும் இல்லை.

நேற்று பிரித்தோம். இன்ஜின் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஃபேக்டரி சீலன்ட் பசை தொடப்படாமல் இருந்தது. அங்கிள் அதைப் பார்த்ததுமே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த இன்ஜினை இதற்கு முன் யாரும் திறக்கவில்லை என்றார். பிஸ்டன்கள் 99.5, வார்ப்பு, தலையில் ஃபேக்டரி அளவுக் குறி. நாலாவதில் ரிங் விளிம்பு ஒரு துண்டு காணவில்லை, சிலிண்டர் சுவரைக் கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிறது. பேரிங் பழையது, செம்பு நிறம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பிக்கப் குழாய் பழையது. ஹெட்டுக்குள் போர்ட்டிங்கும் இல்லை ஒன்றும் இல்லை, வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே, அதன்மேல் பல வருஷக் கரி.

டிஜிவி தட்டுகளை மட்டும் எடுத்திருக்கிறார்கள். போனட்டைத் திறந்தால் தெரிகிற வேலை எல்லாம் நடந்திருக்கிறது, தெரியாத வேலை ஒன்றுகூட நடக்கவில்லை. பெயிண்ட், ஹோஸ், குழாய், டப்பா எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் வெள்ளிதான் வரும். சும்மா விட்டிருந்தால்கூட அந்தப் பழைய இன்ஜின் இன்னும் ஓடியிருக்கும், அங்கிளும் அதைத்தான் சொன்னார். 27,400 வெள்ளியை வாங்கிக்கொண்டு நன்றாக இருந்த இன்ஜினைக் கொன்று கையில் கொடுத்திருக்கிறார்கள். இனி பிளாக்கைக் கடைய வேண்டும், உலோகத் தூள் போய் உட்கார்ந்திருப்பதால் ஆயில் கூலரைக் கழுவியெல்லாம் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும். அதற்கு எங்கே போவேன்?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடப்போகிறேன். 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் 25,000 தான் வரம்பாக இருந்தது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் போடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது தெம்பு இல்லை. கழற்றிய பழைய சாமான்கள் அத்தனையையும் கையில் வாங்குங்கள், பழைய பிஸ்டன் நாலும் வராமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் நம்பரும் புது பிஸ்டனும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், முடிந்தால் பிரித்து வைத்திருக்கிற நாளில் நேரில் போய் நில்லுங்கள், வர வேண்டாம் என்று சொன்னால் காரைத் திருப்பி எடுத்துவிடுங்கள். பில்லில் சாமான் நம்பர் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். இன்டேக் குழாயை மாற்றியவர்கள் டியூனில் அந்த அட்டவணையை மாற்றினார்களா என்று வேறொருவரிடம் காட்டிச் சரிபார்க்கும் வரை டர்போவை அழுத்தி ஓட்டாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வருஷம் ஈஜே இன்ஜினுக்கு 'முழு செட்' போட்டு, ஒற்றை வரி பில் வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் இன்றைக்கே கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு எனக்குத் தனி மெசேஜில் எழுதுங்கள்.