பேரில்லாத மாத்திரைப் பை: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்காரர்கள் கவனத்துக்கு

வயசான அப்பா அம்மாவைத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். கிளினிக் பேரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது, முட்டியும் தேய்ந்துவிட்டது. வழக்கமாக அரசாங்கக் கிளினிக்தான். 60 தாண்டியவர்களுக்கு அங்கே கட்டும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம்கூடக் கிடையாது, காத்திருப்பதுதான் பெரும்பாடு. போன மாதம் ஒரு சனிக்கிழமை முட்டி வீங்கிக் கால் ஊன்ற முடியவில்லை. அரசாங்கக் கிளினிக் அடைப்பு. டவுனில் திறந்திருந்த ஒரு இடத்துக்கு ஓடினோம்.

போர்டில் 9 மணி. டாக்டர் வந்தது பத்தே முக்காலுக்கு. உள்ளே மூன்று நிமிஷம் இருந்திருப்போம். அம்மா கைலியை லேசாகத் தூக்கி முட்டியைக் காட்டினார். டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இனிப்பு நீர் இருக்கு டாக்டர்" என்று அம்மாவின் சிகிச்சைப் புத்தகத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை.

கவுண்டரில் 145 வெள்ளி. எதுக்கு எவ்வளவு என்று கேட்டால், "மொத்தமா அவ்வளவுதான்கா" என்றது அந்தப் பிள்ளை. கையில் கொடுத்தது மூன்று சின்ன பிளாஸ்டிக் பை. ஒன்றின் மேல் பேனாவில் 'வலி' என்று மலாயில் கிறுக்கி, பக்கத்தில் 2 x 3. மருந்து பேர் இல்லை, அம்மா பேர் இல்லை, தேதி இல்லை. நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று ராத்திரியே வலி பறந்துவிட்டது. "கைராசிக்கார டாக்டர்" என்று அம்மா பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நாலாம் நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், தலை சுற்றியது. வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 24.6 (mmol/L). வழக்கமாக எட்டு, ஒன்பதுதான் காட்டும்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முதல் கேள்வியே, "என்ன மருந்து சாப்பிட்டாங்க?" பையை நீட்டினேன். அந்த டாக்டர் வெள்ளை மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டீராய்டாக இருக்கலாம், வீக்கத்தைச் சட்டென்று அடக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும் என்றார். கிளினிக்குக்குப் போன் அடித்தால், "டாக்டர் இல்ல, நாளைக்குக் கூப்பிடுங்க." அம்மா மூன்று நாள் வார்டில் கிடந்தார்.

பிறகுதான் விசாரித்தேன். கொடுக்கிற மருந்தின் மேல் நோயாளி பேர், மருந்து பேர், தேதி, சாப்பிடும் முறை எல்லாம் எழுதித்தான் தர வேண்டும். 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ், கேட்டால் பில்லையும் பிரித்துக் காட்ட வேண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அங்கே சுவரில் இருந்தது ஊட்டச்சத்துப் பவுடர் விளம்பரம் மட்டும்தான்.

பேர் எழுதாத பையைக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். மாட்டேன் என்றால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத்தைக் கண்காணிக்கும் பிரிவு இருக்கிறது, உக்காப்ஸ் என்பார்கள். நான் அங்கேதான் எழுதினேன், பையையும் ரசீதையும் போட்டோ எடுத்து இணைத்தேன்.

மிச்சம் ஆறு மாத்திரையைப் பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். முட்டி வலிக்கிற ராத்திரிகளில் அம்மா அந்த டின்னைத்தான் கேட்கிறார்.