லேப்ராஸ்கோப்பி என்று பணம் வாங்கிவிட்டு வயிற்றைக் கிழித்து அனுப்பினார்கள்

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யக் கோயம்புத்தூர் போகலாம் என்றிருக்கிற ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கம். எங்கள் நாய் செவலி படுப்பது மாடு கட்டும் கட்டுத்தரையில். சாணமும் மண்ணும் ஈயும் இருக்கிற இடம். இவளுக்கு முன்னால் இருந்த நாய் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் செத்துப்போனது. அதிலிருந்து அம்மிச்சி, "இவளுக்காச்சும் நேரத்தோட ஆப்ரேசன் பண்ணிப்போடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய காயம் கட்டுத்தரை மண்ணில் ஆறுமா என்ற பயத்தில்தான் லேப்ராஸ்கோப்பியைத் தேடிப் போனேன்.

அந்த முறையில் வயிற்றில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளைகள்தான் போடுவார்கள். உள்ளே கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளையில் கேமராவையும் மற்றதில் கருவியையும் விட்டு, சினைப்பைக்குப் போகும் ரத்தக் குழாயைச் சூட்டால் அடைத்து வெட்டி எடுப்பார்கள். சினைப்பையை வெளியே இழுக்கிற வேலை குறைவதால் வலியும் குறையும். முழு மயக்கம் இதற்கும் வேண்டும்.

நான் போனது ஒரு தனியார் கிளினிக். சாதாரண ஆபரேஷன் 8,000, லேப்ராஸ்கோப்பி 22,000 என்றார்கள். "மூணே மூணு ஓட்டைங்க, நாளைக்கே ஓட ஆரம்பிச்சுடும்" என்றார் முன்மேசையில் இருந்த தம்பி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சாயந்திரம் ஒரு துணிச் சட்டை மாட்டி அவளை வெளியே கொண்டுவந்தார்கள். "அஞ்சு நாளைக்குச் சட்டையைக் கழட்ட வேண்டாங்க, காத்துப் பட்டா ஆறாது" என்றார்கள். நம்பினேன். தினமும் காயத்தைப் பார்க்கச் சொல்வதுதான் வழக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்தபோதே நாற்றம் வந்தது. சட்டையைக் கத்தரித்தேன். தொப்புளுக்குக் கீழே ஒரே நீளக் கோடு, என் நடுவிரலைவிட நீளம். ஒன்பது தையல். கீழே இருந்த இரண்டும் பிரிந்து, மஞ்சளாக நீர் வடிந்து சட்டைத் துணியோடு ஒட்டியிருந்தது. துணியைப் பிரிக்கும்போது அவள் கத்தவில்லை, என் கையை நக்கிக்கொண்டே இருந்தாள். அதை இப்போது நினைத்தாலும் தாங்கவில்லை.

போன் செய்தேன். முதலில் "நாய் நக்கியிருக்குங்க" என்றார்கள். சட்டை போட்டிருந்ததே என்றதும், "உள்ளே ரத்தம் வந்துச்சு, திறக்க வேண்டியதாப் போச்சு" என்றார்கள். அப்படி நடப்பது உண்டுதான், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சரி, கேமராவில் எடுத்த வீடியோவையாவது அனுப்புங்கள் என்றேன். எடுத்துப் பேசிய பெண்ணுக்கு விஷயம் தெரியாதுபோல. "மெஷின் போன மாசமே ரிப்பேருக்குப் போயிருச்சுங்களே" என்றார்.

உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாதான் காயத்தைச் சுத்தம் செய்து மறுபடி தைத்தார். பில்லை வாங்கிப் பார்த்தார். அதில் லேப்ராஸ்கோப்பி என்ற சொல்லே இல்லை, 'கீ ஹோல் ஸ்பே', அதாவது சிறு துளைக் கருத்தடை என்றுதான் இருந்தது. கேமரா இல்லாமல் சின்ன வெட்டுப் போட்டு, கொக்கியால் கர்ப்பப்பையை இழுத்துச் செய்வதையும் சிலர் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நாளைக்குக் கேள்வி வந்தால் தப்பிக்கத்தான் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

திறந்து செய்வது மோசமான ஆபரேஷன் இல்லை. காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகச் செய்தால் நன்றாகவே ஆறும். நடந்ததை மறைத்து 14,000 கூடுதலாக வாங்கியதும், காயத்தைப் பார்க்கவிடாமல் செய்ததும்தான் அநியாயம். ஆகவே ஆபரேஷனையே கைவிட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பைச் சீழ் இதைவிடக் கொடுமை.

போகிறவர்கள் ஒப்புதல் படிவத்தில் 'லேப்ராஸ்கோப்பி' என்று எழுதச் சொல்லுங்கள். சினைப்பை மட்டுமா, கர்ப்பப்பையும் சேர்த்தா என்பதையும் எழுதி வாங்குங்கள். பாதியில் திறக்க நேர்ந்தால் உடனே சொல்வார்களா, பணம் எவ்வளவு குறையும் என்று முன்பே கேளுங்கள். மயக்கத்தின்போது யார் கூடவே நின்று மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்ப்பார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. வீட்டுக்குக் கிளம்பும் முன் சட்டையைத் தூக்கிக் காயத்தைக் கண்ணால் பாருங்கள். அப்புறம், வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாரசிட்டமாலையோ புரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

கிளினிக்கில் 5,000 திருப்பித் தருவதாகவும், பதிலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் போடவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. பில், போட்டோ, டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டு மூன்றையும் வைத்து ஈரோட்டில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். செவலிக்கு நேற்றுத்தான் தையல் பிரித்தார்கள். இன்னும் பத்து நாளைக்குத் திண்ணையிலேயே கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அம்மிச்சி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.