தறிப்பட்டறையில் போயிலையை விட்டது: மூன்று தீபாவளிக்குப் பிறகு எழுதுகிறேன்

மூன்றாவது தீபாவளி போனஸும் வாங்கியாயிற்று, வாயில் போயிலை இல்லை. விட்ட முதல் மாதத்தில் எழுதியிருந்தால் நிக்கோட்டின் சூயிங்கத்தைப் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஆறாம் மாதத்தில் மன உறுதியைப் பற்றி ஏதாவது அளந்துவிட்டிருப்பேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து முயன்றவற்றில் எது காசுக்குத் தகுந்தது, எது வெறும் பேச்சு என்று இப்போதுதான் பிரித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரை ஊர். விசைத்தறி. ஒரு ஆளுக்கு ஆறு தறி, சில இடத்தில் எட்டு. சாதாத் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். கூலி மீட்டர் கணக்கு, ஆகவே தறி நின்றால் நம் காசு நிற்கிறது. பீடி பிடிப்பதென்றால் வெளியே போயாக வேண்டும், பஞ்சும் நூலும் கிடக்கிற இடத்தில் தீக்குச்சி உரச முடியாது. போயிலைக்கு அந்தத் தொல்லையே கிடையாது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிட்டிகை அதக்கிவிட்டால் அரை மணி நேரம் ஓடும், இரண்டு கையும் தறிக்கு. பஞ்சுத் தூசி தொண்டையில் இறங்காது என்று வேறு சொல்லுவார்கள். தூசி மூக்கு வழியாக நேரே நுரையீரலுக்குப் போகிறது, போயிலைச் சாறு அதை எங்கே போய்த் தடுக்கும்? ஒரு துண்டை எடுத்து மூக்கைக் கட்டினாலே அதைவிடப் பலன் உண்டு. ஆனாலும் எங்கள் பட்டறையில் அந்தப் பேச்சு சாமி வாக்கு மாதிரி.

நாடு முழுக்கவும் கதை இதுதான் போலிருக்கிறது. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலைக்காரர்கள், புகை பிடிப்பவர்கள் 10.7 சதவீதம்தான். சினிமா தொடங்கும் முன் எச்சரிக்கை போட்டதும் நமக்குச் சிகரெட்தான் நினைவுக்கு வருகிறது. புகையிலைக்காரர்களில் பாதிக்கு மேலான கூட்டம் வாயில் அதக்கிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகையறாவுக்கு 2013 மே மாதத்திலிருந்து தடை, அதை ஆண்டுதோறும் நீட்டித்தும் வருகிறார்கள். கடையில் தொங்கிய சரம் மறைந்ததே தவிர, விலை ஏறி, அட்டைப் பெட்டிக்கு அடியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது.

எங்களை ஒன்று சேர்த்தது ஒரு வாய்ப் பரிசோதனை முகாம். சோதனை என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. மூன்று விரலைச் சேர்த்து, நெட்டாக நிறுத்தி, பல்லுக்கு நடுவில் விடச் சொன்னார்கள். எனக்குப் போயிற்று. எதிர் வரிசையில் தறி ஓட்டும் மாப்ளைக்கு இரண்டு விரலோடு நின்றுவிட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை. மாவா பழக்கம், பாக்குத் தூளில் போயிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்தது. பாக்குதான் காரணம், உள் கன்னத்துச் சதை நார் நாராக இறுகிப்போகும், இறுகினது தானாக இளகாது, நிறுத்தினால் மேலும் இறுகுவதையாவது தடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குக் கீழ் ஈறில், போயிலை வைக்கிற இடத்திலேயே, வெள்ளையாகச் சுருங்கிய ஒரு தடம் இருந்தது. விட்டால் இது மறைய வாய்ப்பிருக்கிறது, மறையாவிட்டால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று வரிசையில் நின்றவர்களில் ஐந்து பேர் சேர்ந்தோம். நான், மாப்ளை, பாவு (தறியில் நெடுக்காக ஓடும் இழை) பிணைக்கிற அண்ணன், தார் போடுகிற அக்கா, பக்கத்துப் பட்டறைப் பெரியவர். அக்காவைச் சேர்த்ததற்கு முதலில் சிரித்தார்கள். அவர் போடுவது வெற்றிலை பாக்கு, கூட ஒரு துண்டு போயிலை. அதை எந்த வீட்டில் பழக்கம் என்று எண்ணுகிறார்கள்? “நான் என்ன குட்கா போடறனா, வெத்தலைதான கண்ணு போடறேன்” என்று அவரே சொன்னவர்தான். அதில் இருப்பதும் அதே போயிலை. மேலே தடவும் சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதாவது புளிப்புக்கு எதிர், அது நிக்கோட்டினைக் கன்னத்துச் சதை வழியாக இன்னும் வேகமாக ரத்தத்துக்குள் ஏற்றிவிடும்.

இனி, பயன்படுத்திப் பார்த்தவை.

புகையிலைப் பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு முதலில் பேசியது பெரியவர்தான். எங்களில் கூச்சமில்லாத ஆள் அவர் ஒருவர். தமிழில் பேசினார்கள். எந்த நேரத்தில் வைப்பீர்கள், எதற்குப் பிறகு வைப்பீர்கள் என்று துருவிக் கேட்டு, விடுவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டும் விசாரித்தார்கள். நாள் குறித்தது நல்ல யோசனை. ஆளுக்கொரு நாளில் விட்டிருந்தால் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் வாங்கிப் போட்டு எல்லோரும் கவிழ்ந்திருப்போம். ஆனால் அங்கே ஆலோசகர் பகலில்தான் கிடைப்பார், எங்களுக்குக் கண்டம் ராத்திரி இரண்டு மணிக்கு.

நிக்கோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் என்றால் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுப்பார்கள், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். மிட்டாய் மாதிரி கடகடவென்று மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக நாலைந்து தரம் மென்று, காரமாகச் சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். சிகரெட்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கச் சிரமமாம். எங்களுக்கு எதற்குப் பாடம், ஒதுக்கி வைப்பதில் ஊறிப்போன வாய். ஒரே வித்தியாசம், எச்சிலைத் துப்பக் கூடாது.

இன்னொன்று உண்டு. டீ, காபி, எலுமிச்சைச் சாறு, சோடா எதுவானாலும் குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் சூயிங்கம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உள்ளே ஏறாது. சுண்ணாம்பு செய்கிற வேலைக்கு நேர் எதிர். டீ குடித்த கையோடு சூயிங்கம் போட்டுவிட்டு ‘இது ஒன்றும் கேட்கவில்லை’ என்று அண்ணன் ஒரு வாரம் புலம்பியது இதனால்தான். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அப்புறம் படிப்படியாகக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. விலை கொஞ்சம் கடிக்கும், பொட்டலத்துக்கு அழுததோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை: இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வாய்க்குப் பதில் சரக்கு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கிராம்பு எனக்கு ஆகவில்லை, ஏற்கெனவே வெந்துபோன ஈறில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. சாக்லேட்டால் மாப்ளைக்குத் தொப்பைதான் வந்தது. சோம்பு பரவாயில்லை. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது உப்பில் ஊறிய காய்ந்த நெல்லிக்காய். ஒரு துண்டு போட்டால் நீண்ட நேரம் ஊறும், அதக்குகிற வாய்க்கு ஒரு வேலையும் ஆச்சு. ஆனால் அதுவும் புளிப்பு, சூயிங்கத்தோடு சேர்க்கக் கூடாது. சின்னப் பையன்கள் புதினா வாசத்தோடு வரும், உதட்டுக்குள் அப்படியே வைக்கிற ஃபில்டர் பைக்கு மாறிவிட்டு ‘விட்டாச்சு’ என்கிறார்கள். தம்பிகளா, அதற்குள்ளும் போயிலைதான். அக்கா போயிலையை எடுத்துவிட்டுப் பாக்கை மட்டும் தொடர்ந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள் என்று 2004இலேயே அறிவித்துவிட்டது என்று படித்துக் காட்டிய பிறகுதான் அவர் பாதி மனதோடு வெற்றிலைப் பெட்டியைப் பரணில் ஏற்றினார். விசேஷ வீட்டுத் தாம்பூலம் இப்போதும் அவருக்குப் பரீட்சைதான்.

உடம்பு என்ன செய்யும் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். தலை பாரம், தூக்கமின்மை, கண்டதுக்கெல்லாம் கோபம். காலையில் போயிலை வைத்தால்தான் வெளிக்குப் போகும் என்று பழகியவர்களுக்கு மலச்சிக்கல் வரும், வெந்நீரும் கொய்யாப்பழமும் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. வாய்ப்புண் கொஞ்ச நாள் வந்து போயிற்று. கவனம் சிதறும் என்பதைத் தறிக்காரன் துணியில் பார்ப்பான். அறுந்த இழையைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டு டேமேஜ் என்று கூலியில் பிடித்தார்கள். முதல் இரண்டு வாரம் வருமானம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். சோறு ருசிக்கத் தொடங்கியதும், வீட்டுக் குழம்பு இவ்வளவு உறைக்குமா என்று திகைத்ததும் அப்புறம்தான்.

இப்போது, மூன்று வருடம் கழித்தும் நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிற சமாச்சாரத்துக்கு வருகிறேன். நமநமப்பு வந்தால் சில நிமிடத்தில் அடங்கிவிடும், அதுவரை தள்ளிப் போடு, தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, இடத்தை விட்டு நகரு என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆறு தறியை யார் பார்ப்பது? நகர முடியாமல்தானே வாயில் வைக்கவே தொடங்கினோம்!

இதற்கு வழி சொன்னது பாவு பிணைக்கிற அண்ணன். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, எங்களுக்கு எல்லாம் கைச் சாடையும் உதட்டசைவும்தான். நமநமப்பு வந்தால் கன்னத்தை இரண்டு விரலால் தட்டிக் காட்ட வேண்டும். எதிர் வரிசைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்காமல் வந்து தறியில் நிற்க வேண்டும். இவர் வெளியே போய் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, வேப்பமரம் வரை ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும். வந்ததும் ‘என்னாச்சு’ என்றுகூட விசாரிக்கக் கூடாது.

முதல் ராத்திரி ஷிப்டில் நான் கன்னத்தைத் தட்டியபோது மாப்ளை தன் ஆறு தறியோடு என் ஆறையும் சேர்த்து ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தேன். அவருடைய தறி இரண்டு தார் தீர்ந்து நின்றுகிடந்தது, என்னுடையது ஆறும் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் கூலிக்காரன் ஒருவன் தன் தறியை நிற்கவிட்டு இன்னொருவன் தறியை ஓட்டுவதென்றால் என்னவென்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் பையில் பொட்டலத்தை ஒளித்து வைக்க எனக்குக் கூசியது. விடியும் முன் அவர் கன்னத்தைத் தட்டினார், நான் போய் நின்றேன். முதலாளி இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். வெற்றிலைத் துப்பல் தெறித்துத் துணி கறையாவது நின்றதும் முறைப்பதை விட்டுவிட்டார்.

போனில் குரல் பதிவு அனுப்பிக்கொள்வதும் இருந்தது. அது லீவு நாளுக்கும் கல்யாணம் காட்சிக்கும் உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பொன்மொழி படம் அனுப்புவதைப் பெரியவர் இரண்டாவது வாரமே தடை செய்தார். ‘இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க’ என்று கேட்டால் போதும் என்பது அவர் சட்டம்.

நான்காவது மாதம் மாப்ளை சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு மாவா போட்டுவிட்டார். மறுநாள் ஷிப்டுக்கு வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லியிருப்பேன், பெரியவர் முந்திக்கொண்டார். “நேத்து போட்டது போச்சு கண்ணு. மிச்சம் எங்க வெச்சிருக்கறே? அதை எடு மொதல்ல.” டிபன் தூக்குக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, அவர் வரிசையில் தார் மாற்றத் தொடங்கிவிட்டார். அதன்பின் மாப்ளை தொட்டதில்லை. அவர் வாய் இன்னமும் இரண்டரை விரல்தான். மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வாய் திறக்கும் பயிற்சி செய்கிறார். என் ஈறில் இருந்த வெள்ளைத் தடம் மறைந்துவிட்டது, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறேன்.

குறையும் உண்டு. இந்த ஏற்பாடு இரண்டு ஆளாவது நிற்கிற பட்டறைக்குத்தான் சரிப்படும். வீட்டோடு நாலு தறி போட்டுக்கொண்டு தனியாக ஓட்டுபவருக்கு நாங்கள் கண்டுபிடித்தது பாதி வழிதான்: மனைவியோ மகனோ தார் மாற்றக் கற்றிருந்தால் அவர்களிடம் அந்தச் சாடையைச் சொல்லிவைப்பது. லாரி, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டலாம், கட்டட வேலைக்காரர்களுக்குச் சாரத்தில் பக்கத்து ஆள் உண்டு. செக்யூரிட்டி வேலையில் ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாராவது அப்படி விட்டிருந்தால் எழுதுங்கள்.

போன மாதம் கீழ்த்தெருப் பட்டறையிலிருந்து ஒரு தம்பி பெரியவரைத் தேடி வந்தார். எத்தனை பொட்டலம், எத்தனை வருடம் என்றெல்லாம் பெரியவர் விசாரிக்கவில்லை. “ராத்திரி ஷிப்டுல உங்ககூட யாருங்க நிக்கறது?” என்றுதான் கேட்டார். யாரும் இல்லையாம். பாவு பிணைக்கிற அண்ணன் அந்தப் பட்டறை முதலாளிக்குத் தெரிந்தவர். ஷிப்டு மாற்றித் தரச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார்.