நான்கு, ஐந்தாம் வகுப்பில் லைட்னர் பெட்டி: நீண்ட நாள் புழங்கிய அனுபவம்

சொல் அட்டைகளை ஐந்து அறைகளில் பிரித்து வைப்பது, விடை சொன்னால் அட்டையை அடுத்த அறைக்கு நகர்த்துவது, தவறினால் முதல் அறைக்கே திருப்புவது: இதுதான் லைட்னர் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகம் வழியே பரவிய முறை. முதல் அறையைத் தினமும் புரட்ட வேண்டும். கடைசி அறைக்கு மாதம் ஒரு தடவை போதும். திருப்பூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் நான்கும் ஐந்தும் சேர்ந்து உட்காரும் அறையில், தமிழ்ச் சொற்களுக்காக இதைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன்.

கதையிலோ பாடத்திலோ பிள்ளைகள் ஏற்கெனவே சந்தித்த சொல்லை மறக்காமல் வைத்திருக்கத்தான் இது உதவும். முன்பின் கேட்டிராத சொல்லை நேரே அட்டையில் எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. சொல்லையும் பொருளையும் சேர்த்து ஒப்பிப்பார்கள், கட்டுரை நோட்டில் ஒரு இடத்திலும் எழுத மாட்டார்கள்.

எந்தச் சொல்லைப் பெட்டியில் போடுவது என்பதில்தான் பாதி வெற்றி. இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். மாடு, ஓடு மாதிரி வீட்டிலேயே தெரிந்தவை முதல் அடுக்கு; ஒளிச்சேர்க்கை மாதிரி ஒரு பாடத்துக்கே உரியவை மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில் தயக்கம், அலட்சியம், ஊகம், ஏளனம், இணக்கம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எந்தக் கதையைப் பிரித்தாலும் வரும், ஆனால் இவற்றைத் தனியாக யாரும் கற்றுத் தருவதில்லை. என் பெட்டியில் பெரும்பாலும் இவைதான். செய்யுளுக்குக் கீழே வரும் ‘சொல்பொருள்’ சொற்களை அப்படியே அட்டையாக்குவதில்லை. அவற்றில் பல, தேர்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை.

அட்டையின் முன்பக்கம் சொல்லை எழுதாமல், சொல் விடுபட்ட ஒரு வாக்கியத்தை எழுதுகிறேன். “காயத்துக்கு மருந்து போடாமல் ______ இருந்ததால் சீழ் வைத்துவிட்டது.” பின்பக்கம் ‘அலட்சியமாக’, அதற்குக் கீழே அலட்சியம், அலட்சியப்படுத்து. தமிழுக்கு இந்தக் குடும்பம் முக்கியம். ‘மறுத்தான்’ என்றால் உடனே புரிந்துகொள்ளும் பிள்ளை ‘மறுப்பு’ என்று பார்த்தால் முழிக்கும். தயங்கு, தயக்கம், தயங்காமல் மூன்றையும் ஒரே அட்டையில் வைத்தால் ஒரு விலைக்கு மூன்று.

பொருளை எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். துயரம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, “வெசனமுங்க சார்” என்றாள் ஒருத்தி. அதைவிடச் சரியான விடை ஏது? ஒடிசா, பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அட்டையில் படம் சேர்க்கிறேன், அல்லது நடித்துக் காட்டச் சொல்கிறேன். ‘தயக்கம்’ நடிக்க அருமையான சொல்.

வகுப்புக்கு ஒரே பெரிய பெட்டி வைத்தால் முன்வரிசைக்காரர்கள் மட்டுமே விளையாடுவார்கள். ஆளுக்கு ஒரு அட்டைக் கட்டு, ஐந்து அறைகளுக்குப் பதில் ஐந்து கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் என்பதே சரி. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் அட்டையை மற்றவர் கேட்க வேண்டும். தனியாக விட்டால் “தெரியும், தெரியும்” என்று ஐந்தாம் கவருக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஜோடி ஏற்பாட்டால் எனக்கு வேறொரு லாபம்: நான்காம் வகுப்பு அட்டையில் மும்முரமாக இருக்கும் கால் மணி நேரத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிடலாம்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையை வெட்டிக்கொள்வதே உத்தமம். சார்ட் பேப்பர் ஒரு பருவத்துக்குள் சுருண்டுவிடும். வழவழப்பான பத்திரிகை வேண்டாம், ஸ்கெட்ச் பேனா மை கையோடு வந்துவிடும். செல்போனில் இதே மாதிரி அட்டைகளைக் காட்டும் ஆன்கி செயலியையும் வைத்துப் பார்த்தேன். இடைவெளிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்கிறது, அந்த வகையில் பெட்டியைவிட மேல். ஆனால் ஒரு போனைச் சுற்றி இத்தனை தலைகள் என்றால் நடக்கிற காரியமா?

குறைகளும் உண்டு. காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தால் எல்லாக் கவர்களும் ஒரே நாளில் பாக்கி நிற்கும். அந்த வாரம் முதல் இரண்டு கவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறேன். மறதி பற்றி 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வில் அவர் மனப்பாடம் செய்தவை அர்த்தமில்லாத அசைகள். அவை மறந்த வேகத்தில் ‘ஏளனம்’ மறந்துபோகாது. மைதானத்திலேயே அதற்குத் தினமும் வேலை இருக்கிறது.

இரண்டாவது குறை எழுத்துப்பிழை. வாயால் விடை சொல்லி முன்னேறுகிறவர்களுக்கு ல, ள, ழ குழப்பம் அப்படியே இருக்கிறது. அதனால் மூன்றாம் கவரிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது சிலேட்டில் எழுதிக் காட்டவேண்டும் என்று வைத்திருக்கிறேன். வேகம் குறையும், பரவாயில்லை.

மூன்றாவது, அளவு. வாரத்துக்கு ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போட்டால் முதல் கவர் வீங்கிப் பிள்ளைகள் சலித்துவிடுகிறார்கள். நூலகக் கதைப் புத்தகம் ஒன்றில் இதைவிட அதிகப் புதுச் சொற்கள் இருக்கும். ஆகவே வாசிப்பு நேரத்தை வெட்டி இதற்குக் கொடுக்காதீர்கள்.

நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டியே படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டைக் கொடுக்கவும் வேண்டாம். விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்திருக்கும். அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துக் காட்டி, அதிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன்.