புங்கனா, தூங்குமூஞ்சியா? நிழல் தோட்டத்துக்கு நான் வைத்தது

பாலக்கோடு பக்கம், வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட் செம்மண். குட்டிக்காடு மாதிரி நிழல் தோட்டம் வேண்டுமென்று 7 வருஷம் முன்பு 15 அடிக்கு ஒன்றாகப் புங்கன் வைத்தேன். அதே ஆடியில் காவேரிப்பட்டினத்தில் மச்சான் இரண்டு தூங்குமூஞ்சி வைத்தார்.

வேகத்தில் அவர் மரம்தான். மூன்றாம் வருஷமே அடியில் கட்டில் போட்டுவிட்டார். என் புங்கன் நிழலில் அப்போது ஒரு நாற்காலி அடங்காது. சாயங்காலம் தூங்குமூஞ்சி இலை மடங்கிவிடுவதால் ராத்திரி மழை நேராகக் கீழ்ச்செடிக்கு இறங்கும். அதுவும் நல்லதுதான்.

என்னைப் புங்கன் பக்கம் சாய்த்தது சருகு. மாசியில் கொட்ட ஆரம்பிக்கும். அடியில் மஞ்சளும் சேனையும் வெட்டி முடிந்த நேரம், வெயில் பட்டாலும் நஷ்டமில்லை. கத்திரி வெயிலுக்குள் தளதளவென்று புதுத்தழை வந்துவிடும். மறுபடி மஞ்சள் ஊன்றும்போது குடை தயார். சருகை நான் கூட்டுவதே இல்லை, நாலு விரல் கனத்துக்கு அப்படியே மூடாக்கு. அந்தக் காலத்தில் வயலில் போட்டு மிதித்த தழைதானே! கையால் விலக்கிப் பார்த்தால் அடிச்சருகு நரம்பு மட்டும் மிஞ்சி, மண்புழு எச்சத்தோடு ஈரமாக இருக்கும். பங்குனியில் தினமும் விட்ட போர்த்தண்ணீர் இப்போது நாலு நாளைக்கு ஒருதரம் போதும்.

தூங்குமூஞ்சிச் சருகும் மக்கும். தொல்லை அதன் காயில். இனிப்புப் பிசின், செருப்பில் அப்பிக்கொள்ளும். தெரு ஆடுகள் அதற்காகவே வேலி தாண்டி வந்து, வெற்றிலைக் கொடியையும் முடித்துவிட்டுப் போகும். பேருக்கேற்ப ஆடாதொடையை மட்டும் தொடவில்லை. அதைப் போன சித்திரைக் காற்றில் முறிந்து விழுந்த கிளை பார்த்துக்கொண்டது. தொடைக் கனம்! அறுத்து அப்புறப்படுத்த இரண்டு ஆள் கூலி.

புங்கனிலும் வேலை உண்டு. கிளை தாழ்ந்து அடர்ந்துவிடும். வருஷம் ஒருதரம் எட்டடி உயரம்வரை கழிக்காவிட்டால் மஞ்சள் விரல் சிறுத்துப்போகும். இலையில் கொம்பு கொம்பாக முடிச்சு வரும். அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை, நான் மருந்தடித்ததில்லை, மரமும் அசரவில்லை. ஏற்காட்டில் வாங்கிவந்த பெரணி மட்டும் முதல் கோடையிலேயே கருகியது. ஒரே தடவை முயன்றதை வைத்து மரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு ஏக்கர் இருந்து, மாடும் இருந்தால் தூங்குமூஞ்சி ஒன்று வைக்கலாம், தொழுவத்துப் பக்கமாக. காயை மாடே பொறுக்கிக்கொள்ளும்.